கேடயம் போதாது, கட்டணம் கட்டுங்கள்!

(விருதுநகரில் முஸ்லிம் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)





உயர்நிலைப் பள்ளி மாணவ மாணவியருக்குச் சமுதாயப் பிரச்சினைகள் குறித்துக் கட்டுரைப் போட்டி நடத்த வேண்டும் என்று நம் இளைஞர்கள் விரும்புகிறார்கள். நல்ல எண்ணம்; வரவேற்கிறேன். அதை எப்படி நடத்துவது என்பது பற்றித்தான் என் பேச்சு.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் இத்தகைய போட்டிக்கு என்னை நடுவராக அழைத்தார்கள். தலைப்பு 'சமுதாய ஒற்றுமை'. வந்தவற்றில் பாதிக் கட்டுரைகளுக்கு ஒரே முன்னுரை, ஒரே முடிவுரை! பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளைகள் படியெடுத்திருந்தார்கள். ஒரு மாணவன் மட்டும் தன் வீட்டுக் கதையை எழுதியிருந்தான். அத்தாவின் கடன், அக்காவின் படிப்பு நின்ற காரணம், எல்லாம் அதில் இருந்தது. முதல் பரிசு அவனுக்கே. கேடயம், சால்வை, கைதட்டல்! மறு ஆண்டு போனபோது அவன் ஒரு கடையில் சாமான் நிறுத்துக் கொண்டிருந்தான். "ஏன் தம்பி, பள்ளிக்கூடம்?" என்றேன். "கேடயம் வீட்ல இருக்கு சார். பீஸ் கட்டத்தான் வழியில்லை" என்றான்.

அன்று நான் வெட்கப்பட்டேன். பிரச்சினையை எழுதச் சொன்னோம், எழுதினான், படித்து மார்க் போட்டோம். அதைத் தீர்க்க யாரும் முன்வரவில்லையே!

சகோதரர்களே! வழி தேடி வெகுதூரம் போக வேண்டாம். இந்த ஊரைப் பாருங்கள். 1889இல் இங்கே சத்திரிய வித்தியாசாலையை நாடார் சமுதாயத்தார் தொடங்கினார்கள். வியாபாரிகள் மகமை கொடுத்தார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தார்கள். பிடி அரிசியில் பள்ளி நடந்தது. அங்கே படித்த காமராஜர், குடும்ப வறுமையால் படிப்பை விட்டு மாமாவின் துணிக்கடையில் நின்றார். படிப்பு நின்ற வலி அறிந்தவர், முதலமைச்சரானதும் 1956இல் பள்ளிகளில் மதிய உணவு போட்டார்.

சிவகாசியையும் பாருங்கள். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் வேலை செய்தது பற்றிய வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதியில் கட்ட வேண்டும் என்றது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம், 18 வயது நிரம்பாதவரை அபாயத் தொழிலில் சேர்க்கவே கூடாது என்கிறது. சட்டம் பிள்ளையை வேலையிலிருந்து வெளியே கொண்டு வரும். பள்ளியில் நிலைக்க வைப்பது யார்? மத்திய அரசு சிறுபான்மை மாணவர்களின் உதவித்தொகையை 2022இல் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை நிறுத்திவிட்டது. அந்தச் சுமையும் இப்போது பெற்றோர் தலையில்.

ஆகவே, மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, தலைப்பு. 'எங்கள் தெருவில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள் யார்? ஏன்?' என்று கேளுங்கள். நாலு வீடு ஏறி விசாரித்து எழுதட்டும். பள்ளியில் உட்கார்ந்து சொந்தக் கையால் எழுதட்டும். பெண் பிள்ளைகளுக்கும் சம இடம் கொடுங்கள்.

இரண்டு, பரிசு. ஒரே நாளில் கொடுத்துவிட்டு மறக்காதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை மாதாமாதம் கொடுங்கள். வணிகர்களே, வசதிக்கேற்ப நீங்களும் ஒரு மகமை எழுதி வையுங்கள். பத்துக் கடை சேர்ந்தால் ஒரு பிள்ளை படிக்காதா?

மூன்று, பரிசு பெறாத கட்டுரைகள். அவற்றைக் கட்டிப் பரணில் போடாதீர்கள். இளைஞர்களே, எந்த வீட்டுப் பிள்ளை தடுமாறுகிறது என்பதை அவையே சொல்லும். அந்த வீட்டுக்குப் போங்கள். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு எழுத வையுங்கள். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். பதினொன்றாம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு உண்டு. தேறும் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டுகள். விண்ணப்பத்தை நீங்களே கூட இருந்து நிரப்பிக் கொடுங்கள்.

முதல் வஹியே ஓதுவதைச் சொல்லி, எழுதுகோலைச் சொல்லி இறங்கியது. அந்த எழுதுகோலைப் பிள்ளையின் கையில் கொடுக்கிறோம். அடுத்த ஆண்டும் அது அவன் கையில் இருக்க வேண்டும், தராசு அல்ல. இன்ஷா அல்லாஹ், செய்வோம்.