வண்டியை எடுக்குமுன்



ஸ்கூட்டர் வண்டியைப் பற்றிப் பேச ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எதற்கு என்று உங்களில் சிலர் எண்ணலாம். வண்டியைப் பழுது பார்க்கும் தொழிலை நான் அறியேன். ஆனால், பார்க்க வேண்டியதைப் பார்க்கத் தவறியதால் வந்த தீங்கு ஒன்றை நன்கு அறிவேன். அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1988ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியனாக இருந்தேன். என்னிடம் பழைய ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. அதன் பின்சக்கரப் பிரேக்கை வலக் காலால் மிதித்து இயக்க வேண்டும். முதலில் சிறிது மிதித்தாலே வண்டி நின்றது. நாளடைவில் அந்த மிதி கீழே இறங்கத் தொடங்கிற்று. இந்த வாரம் ஒரு நெல்லளவு. அடுத்த வாரம் இன்னொரு நெல்லளவு. என் காலும் அதற்கேற்ப ஆழ்ந்து மிதிக்கப் பழகிக்கொண்டது. சற்று முன்னதாகவே மிதிக்கவும் கற்றுக்கொண்டது. ஆகவே வண்டியில் குறை இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் மாலை, என்னுடன் பணியாற்றிய இளம் ஆசிரியர் ஒருவர், காய்ச்சலில் கிடந்த தம் குழந்தைக்கு மருந்து வாங்கி வர வண்டியைக் கேட்டார். உடனே சாவியைக் கொடுத்தேன். கால்வாய்ப் பாலத்துச் சரிவில் அவர் இறங்கும்போது, முன்னால் ஒரு மாட்டு வண்டி குறுக்கே திரும்பிற்று. எல்லா வண்டிகளும் நிற்பதுபோல இதுவும் நிற்கும் என்று நம்பி அவர் மிதித்தார். மிதி இறங்கிக்கொண்டே போயிற்று. பதற்றத்தில் முன்பிரேக்கை இறுகப் பிடித்தார். மணலில் சக்கரம் வழுக்கியது. விழுந்தவருக்கு வலக்கை மணிக்கட்டு முறிந்தது.

ஆறு வாரம் மாவுக்கட்டுடன் அவர் பள்ளிக்கு வந்தார். இடக்கையால் கரும்பலகையில் எழுதினார். கேட்டவர்களிடமெல்லாம், "என் கவனக்குறைவுதான் சார்" என்றார். குறை என்னுடையது என்று அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பழுது பார்த்த மெக்கானிக், பிரேக்குக் கம்பியின் முனையிலிருந்த திருகைச் சில சுற்றுகள் முறுக்கினார். வேலை அவ்வளவுதான், அதற்கு அவர் கூலிகூட வாங்கவில்லை.

அன்று நான் கற்ற பாடம் இது: பழக்கம் குறையை மறைத்துவிடும். திடீரென வரும் பழுது ஓசையிட்டுத் தன்னை அறிவிக்கும். மெல்ல மெல்ல வளரும் பழுதோ நம் கையையும் காலையும் தனக்கேற்ப வளைத்துக்கொள்ளும். ஆதலின், "எனக்கு எல்லாம் சரியாகத்தான் தோன்றுகிறது" என்னும் உணர்ச்சியை நம்புதல் ஆகாது. ஒரு முறை வகுத்துக்கொண்டு, அம்முறைப்படி நாள்தோறும் ஆராய்தல் வேண்டும்.

இதனை உலகம் விமானத் துறையில் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1935ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தின் ரைட் விமானத் திடலில், போயிங் நிறுவனத்தின் புதிய பெரிய விமானம் ஒன்றைச் சோதித்தனர். விமானம் நிற்கும்போது வால்தகடுகள் காற்றில் ஆடாதிருக்க அவற்றைப் பூட்டி வைப்பது வழக்கம். தேர்ந்த விமானிகள் இருந்தும், அந்தப் பூட்டை நீக்காமலே விமானத்தைக் கிளப்பிவிட்டனர். அது செங்குத்தாக ஏறி, நிலை குலைந்து, தரையில் மோதியது. இருவர் உயிரிழந்தனர். அறியாமையால் அன்று, மறதியால் நேர்ந்த விபத்து அது. அதன்பின், புறப்படுமுன் பார்க்க வேண்டியவற்றை வரிசையாக எழுதி வைத்துச் சரிபார்க்கும் முறை வேரூன்றியது.

ஸ்கூட்டருக்கும் விமானத்துக்கும் ஓர் உறவு உண்டு. 1946இல் இத்தாலி நாட்டுப் பியாஜியோ நிறுவனம் வெளியிட்ட வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்தவர் கொர்ரதீனோ தஸ்கானியோ என்னும் விமானப் பொறியாளர். அந்நிறுவனமும் போருக்கு முன் விமானங்கள் கட்டியதே. விமான அறிவில் பிறந்த வண்டிக்கு விமானிகளின் ஒழுங்கும் பொருந்தும் அன்றோ?

அந்த வரிசையை எழுதி வைக்க வேண்டுவதில்லை. உங்கள் ஒரு கையின் ஐந்து விரல்களே போதும்.

பெருவிரல், டயர். வண்டி மண்ணைத் தொடுவது இந்த இரண்டிடங்களில் மட்டுமே. ஸ்கூட்டரின் சக்கரம் சிறியது. ஆகவே பள்ளத்தில் ஆழ்ந்து இறங்கும். ஆணி, வெடிப்பு, தேய்வு ஆகியவை உண்டா என்று நாள்தோறும் பாருங்கள். காற்றழுத்தத்தை வாரம் ஒரு முறை, வண்டி ஓடிச் சூடேறுமுன், அளவுக்கருவி கொண்டு பாருங்கள். விரலால் அமுக்கிப் பார்ப்பது அளவாகாது. எவ்வளவு காற்று என்பது வண்டியுடன் வந்த கையேட்டில் இருக்கும். பின்னால் ஒருவரை ஏற்றினால் பின்சக்கரத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதையும் அதில் காணலாம். காற்றுக் குறைந்த டயர் மிகுதியாக நெளியும், சூடேறும், திருப்பத்தில் தள்ளாடும்.

சுட்டுவிரல், பிரேக்கு. நின்ற நிலையில் இரண்டையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். வண்டியைச் சிறிது உருட்டி மறுபடியும் பாருங்கள். பிடி எவ்வளவு தளர்வாக இருக்கலாம் என்பதற்குக் கையேட்டில் அளவு உண்டு. முறுக்குக் கம்பியின் இழைகள் ஒவ்வொன்றாக அறும். ஓர் இழை அறுந்திருந்தாலும் கம்பியை மாற்றுங்கள். தகட்டுப் பிரேக்காயின், அதன் எண்ணெய் இரு கோடுகளுக்கும் இடையில் இருத்தல் வேண்டும்.

நடுவிரல், கைப்பிடி. முன்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியை நிறுத்தி, கைப்பிடியை இடமும் வலமும் முழுதும் திருப்புங்கள். எங்கும் தடையிருத்தல் ஆகாது. ஆட்டமும் இருத்தல் ஆகாது. முறுக்கிய விசைப்பிடியைக் கைவிட்டதும் அது தானே திரும்பி வர வேண்டும்.

மோதிரவிரல், விளக்கும் ஒலியும். 2017 முதல் நம் நாட்டுப் புதிய வண்டிகளில் முகப்பு விளக்கு எப்போதும் எரிகிறது. ஆனால் பின்விளக்கை ஓட்டுபவர் காண்பதில்லை. சுவரருகே வண்டியை நிறுத்தி, பிரேக்கைப் பிடித்து, சுவரில் செந்நிறம் கூடுகிறதா என்று நோக்குங்கள். திருப்ப விளக்குகளையும் ஹாரனையும் சோதியுங்கள். ஓசையின்றி வரும் மின்சார ஸ்கூட்டருக்கு ஹாரன் மேலும் இன்றியமையாதது.

சிறுவிரல், நீர்மமும் நிறுத்தமும். வண்டி நின்ற இடத்தில் எண்ணெயோ பெட்ரோலோ சிந்தியிருக்கிறதா என்று பாருங்கள். இயந்திர எண்ணெய் தீர்ந்தால் இயந்திரம் இறுகி நின்றுவிடும். இறுதியாக, பக்கவாட்டுத் தாங்கியை மடக்கினீர்களா? மடக்காத தாங்கி இடப்பக்கத் திருப்பத்தில் தரையில் மோதி வண்டியைக் கவிழ்க்கும்.

இவை அனைத்துக்கும் ஐந்து நிமிடம் போதும். அரை நொடியின் விலையை எண்ணிப் பாருங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 11 மீட்டர் கடக்கும். தளர்ந்த மிதியால் பிரேக்கு அரை நொடி பிந்திப் பிடித்தால் ஐந்தரை மீட்டர் வீணாகப் போய்விடும். மாடுகளோடு சேர்த்து ஒரு மாட்டு வண்டியின் நீளம் ஏறத்தாழ அவ்வளவுதான். என் நண்பருக்கு அன்று வேண்டியிருந்ததும் அவ்வளவுதான்.

இன்று வண்டிகள் திருந்தியுள்ளன. 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு உட்பட்ட புதிய வண்டிகளிலும் ஒரு பிடியால் இரு சக்கரங்களையும் தடுக்கும் அமைப்போ, அதனினும் சிறந்ததோ இருத்தல் வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆயினும் கம்பி தளர்வதையும் காற்று இறங்குவதையும் எந்தச் சட்டமும் தடுத்துவிட முடியாது. அங்கே உங்கள் கண்ணும் கையும்தான் காவல்.

உங்களில் பலருக்கு இன்னும் ஓட்டுநர் உரிமம் பெறும் வயது வந்திராது. எனினும் வீட்டில் வண்டி இருக்கும். நாளைக் காலை அப்பாவோ அம்மாவோ புறப்படுமுன் அருகில் சென்று, ஐந்து விரல்களையும் மடக்கி எண்ணுங்கள். ஓட்டிப் பழகியவருக்குத் தெரியாத குறை, புதிதாகப் பார்க்கும் உங்கள் கண்ணுக்குத் தெரியக்கூடும்.

அந்த மாலைக்குப் பின் என் வண்டியை யார் கேட்டாலும், மிதியை ஒரு முறை அழுத்திப் பார்த்த பிறகே சாவியைக் கொடுத்து வருகிறேன். இந்த ஆய்வு நமக்காக மட்டும் அன்று. அடுத்து அதில் ஏறப்போகிறவருக்காகவும்தான்.