அமிலத்தை அடக்கும் மாத்திரை



சேலத்தை அடுத்த கஞ்சமலைக்கு அருகே இளம்பிள்ளை என்றோர் ஊர் உண்டு. சேலை வாங்கும் இல்லங்களில் அவ்வூரின் பெயர் புதியதன்று. நான் பிறந்து வளர்ந்த ஊர் அது. தறியோசையோடு விடிந்து தறியோசையோடு அடங்குவது. காலையில் ஒரு தேநீர், பதினொரு மணிக்கு மற்றொன்று, பசித்தால் இன்னுமொன்று, பகற்சோறு மூன்று மணிக்கு என்பது அங்கே பல நெசவாளர் கண்ட ஒழுங்கு. ஆதலால், மருந்துக் கடையில் நின்று, “ஒரு கேஸ் மாத்திரை குடுங்க” என்று கேட்பது, பெட்டிக்கடையில் வெற்றிலை கேட்பதைப் போல இயல்பாகிவிட்டது. இது இளம்பிள்ளைக்கு மட்டும் உரிய வழக்கம் என்று நான் சொல்லவரவில்லை. நீங்கள் எவ்வூரினராயினும், உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தால் அந்த அட்டை ஒன்று கிடைக்கக்கூடும்.

என் தாய்மாமன் நாற்பது ஆண்டுகள் தறியில் அமர்ந்தவர். முதுகுவலிக்கென ஒரு கடையில் வலி மாத்திரை கொடுத்தார்கள்; அதனால் வயிறு எரியும் என்பதற்காகக் கூடவே ஓர் அமில மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டையும் ஆண்டுக்கணக்கில் விழுங்கிவந்தார். எரிச்சல் தணிந்த நாள்களில், “வயிறு நல்லாத்தானே இருக்குது மாப்பிள்ளை” என்று அமில மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுவார். வலி மாத்திரையை நிறுத்தமாட்டார். நான் மருத்துவன். விழாக்களுக்கு ஊர் செல்லும்போதெல்லாம் அவர் பக்கத்தில் அமர்ந்து உண்டவன். அவர் பையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறையேனும் கேட்டேனில்லை. ஒருநாள் அவர் தறியடியில் மயங்கி விழுந்தார். பல நாள்களாக மலம் தார்போலக் கறுத்துப் போனதை, குடித்துவந்த இரும்புச்சத்து டானிக்கின் நிறம் என்று எண்ணி எவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். உண்மையில் அது இரைப்பைப் புண்ணிலிருந்து கசிந்த இரத்தம்.

அவர் தேறும் வரையில் என் மனத்தில் ஓடிய எண்ணங்களையே இன்று உங்களிடம் கூறுகிறேன்.

இரைப்பை சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். உங்கள் வேதியியல் ஆய்வுக்கூடத்துக் குப்பியில் இருக்கும் அதே அமிலந்தான். இங்கிலாந்தில் வில்லியம் பிரவுட் என்பார் 1824இல் இதனை வெளியிட்டார். உணவைப் பதப்படுத்தவும் கிருமிகளைக் கொல்லவும் அது வேண்டும். ஆகவே அமிலம் நம் பகையன்று. இடம் மாறினாலும், இரைப்பையின் காப்புப் படலம் நைந்தாலுமே அது தீங்கு செய்கிறது.

குடற்புண் நம் தென்னாட்டில் நெடுங்காலமாக மிகுதி. 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுக்களில் இருந்த ஹோவர்டு சாமர்வெல் என்ற ஆங்கில அறுவை மருத்துவர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் தங்கிப் பணிபுரிந்தார். அங்கே அவர் பெயர் பெற்றது, இந்தப் புண்ணுக்குச் செய்த எண்ணற்ற அறுவைகளால்தான். அக்காலத்தில் முற்றிய புண்ணுக்குக் கத்தியே கதி. 1976இல் ஜேம்ஸ் பிளாக் குழுவினரின் சிமெடிடின் சந்தைக்கு வந்தபின் நிலை மாறியது. 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் ஒமெப்ரசோல் வந்தது. பான்டோபிரசோல், ரபெப்ரசோல் முதலியன அதன் உடன்பிறப்புகள்.

இடையே ஒரு வியப்பும் நிகழ்ந்தது. புண்ணுக்குக் காரணம் கவலையும் காரமுமே என்று உலகம் நம்பியிருக்க, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஒரு கிருமியைக் காட்டினார்கள். பிறர் நம்பாமையால், மார்ஷல் 1984இல் அக்கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சி கண்டார்! 2005இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். நீங்கள் இதைப் பின்பற்ற வேண்டா. ஆனால் இதன் பொருளை மறவாதீர்கள். கிருமியால் வந்த புண்ணுக்கு அமில மாத்திரை மட்டும் போதாது. அது எரிச்சலை மறைத்துவிடும். கிருமி உள்ளேயே இருக்கும்.

இனி, உட்கொள்ளும் முறை. ஒமெப்ரசோல் இனத்து மருந்து இரைப்பையில் நேராக வேலை செய்வதில்லை. குடலில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, அமிலம் சுரக்கும் உயிரணுக்களை அடைந்து, அங்குள்ள நுண்ணிய எக்கிகளைப் பூட்டுகிறது. உணவு வரும்போதே அவ்வெக்கிகள் விழித்தெழும். எனவே உண்பதற்கு அரைமணி முதல் ஒரு மணி முன்பாக, பெரும்பாலும் காலையில், விழுங்குதல் வேண்டும். என் மாமா இரவுச் சோற்றுக்குப் பின்னரே விழுங்கியவர். அமிலத்தில் இம்மருந்து சிதைந்துபோகும் என்பதால் மேலே உறை பூசியிருக்கிறார்கள். அதை நசுக்குதலும் மெல்லுதலும் கூடாது. முழுப் பயன் தெரியச் சில நாள்கள் ஆகும். எரிந்த கணத்தில் ஒன்றை விழுங்கி, தணியவில்லையென்று அடுத்ததை விழுங்குவது அறியாமை.

எத்தனை நாள் என்பதே பெரிய வினா. பல நோய்களுக்கு நான்கு முதல் எட்டு வாரங்கள் போதும். சிலருக்கு, குறிப்பாக மருத்துவர் சொற்படி ஆஸ்பிரினை நீங்காது உண்ணும் முதியோருக்கு, நெடுங்காலம் வேண்டியிருக்கலாம். அவர்கள் இப்பேச்சைக் கேட்டு நிறுத்திவிடலாகாது. காரணமின்றி ஆண்டுக்கணக்கில் உண்டால் பி12 வைட்டமினும் மக்னீசியமும் குறையலாம். சிறுநீரகம் கெடுதலும் அரிதாக உண்டு. 2019இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர், திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பைப் பற்றிய எச்சரிக்கையை இம்மருந்துகளின் குறிப்புத் தாளில் சேர்க்கப் பணித்தார். நெடுநாள் உண்டவர் சட்டென்று நிறுத்தினால், அடக்கிவைத்த அமிலம் சிலகாலம் முன்னினும் மிகுதியாகப் பொங்கும். நோய் திரும்பிவிட்டது என்று அஞ்சி மறுபடியும் தொடங்குவார்கள். மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைப்பது நன்று.

மருந்துகள் தம்முள் மோதுவதும் உண்டு. இதயநோயாளர் உண்ணும் குளோபிடோக்ரெலின் ஆற்றலை ஒமெப்ரசோல் குறைக்கக்கூடும். மார்பின் நடுவே அழுத்தி, வியர்த்து, இடக்கைக்குப் பரவும் வலியைக் ‘கேஸ்’ என்று மாத்திரை தேடுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. இரத்த வாந்தி, கறுத்த மலம், விழுங்க முடியாமை, காரணமற்ற மெலிவு ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் கடைக்கன்று, மருத்துவமனைக்கே செல்லவேண்டும். அட்டையில் உள்ள சிவப்புக் கோடு அழகுக்கு இட்டதன்று. மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்பதன் அடையாளம்.

வள்ளுவர் மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணும்போது நோயாளி, மருத்துவன், மருந்து என்ற மூன்றோடு நில்லாமல், மருந்தை அருகிருந்து கொடுப்பவனையும் நான்காவதாகச் சேர்த்தார். பல வீடுகளில் அந்த நான்காமவர் நீங்களே. கடைக்கு ஓடுபவரும் நீங்கள். அட்டையிலுள்ள ஆங்கில எழுத்தைப் படிக்க வல்லவரும் பெரும்பாலும் நீங்கள்.

மாமா மருத்துவமனையில் இருந்தபோது அவருடைய மஞ்சட்பையைக் கட்டிலின்மேல் கவிழ்த்தேன். மூன்று நிறங்களில் மூன்று அட்டைகள் விழுந்தன. பெயர்களும் மூன்று. அடியில் இருந்த சிற்றெழுத்தைப் படித்தேன். இரண்டில் பான்டோபிரசோல், ஒன்றில் ரபெப்ரசோல். ஒரே வேலைக்கு மூன்று ஆள்! அவர் மூன்றையும் மூன்று நோய்க்கென்று நம்பியிருந்தார். சோதனையில் கிருமியும் தெரிந்தது. இரண்டு வாரம் அதற்குரிய மருந்துகளை உண்டார். வலி மாத்திரை நின்றது. இப்போது காலையில் பாவில் கைவைக்குமுன் இரண்டு இட்டிலி உண்கிறார். கடையில் எதை வாங்கினாலும் பேரனிடம் நீட்டி, “சின்ன எழுத்துல என்ன போட்டிருக்குது, படிடா” என்கிறார்.