பாடு என்னும் சொல்



சான்பாடாவில் நாம் ஏறும் ஹார்பர் லைன் ரயில் வாஷிக் கழியைக் கடந்து, மான்குர்டு, செம்பூர், குர்லா என ஓடி, வடாலாவுக்கு அடுத்ததாகச் சிவ்ரி நிலையத்தில் நிற்கிறது. அங்குள்ள கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் பிரான்சிஸ் நியூட்டன் சூசா என்னும் ஓவியர் துயில்கிறார். 1924இல் கோவாவின் சாலிகாவ் என்னும் ஊரில் பிறந்தவர். 1947இல் இம்மாநகரில் தோன்றிய முற்போக்கு ஓவியர் குழுவை அமைத்தவர்களுள் முதன்மையானவர். 2002 மார்ச் 28ஆம் நாள் அவர் காலமானார். அவ்வாண்டில் அது பெரிய வியாழக்கிழமை.

அவர் 1959இல் தீட்டிய 'சிலுவை மரணம்' என்னும் ஓவியம் லண்டனின் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் உள்ள கிறிஸ்து கறுத்த மேனியர். கோடுகள் யாவும் முட்களைப் போலக் குத்திட்டு நிற்கின்றன. சாந்தம் என்பது மருந்துக்கும் இல்லை. முதன்முறை பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் கூடும். சிறுவயதில் கோவாவின் ஆலயங்களில் கண்ட திருவுருவங்கள் தம் மனத்தைப் பற்றிக்கொண்டதை அவரே எழுதியிருக்கிறார்.

இறைவனை அலங்காரத்தில் கண்டு பழகியவர்கள் நாம். பட்டும் மாலையும் சந்தனக் காப்பும் இல்லாமல், ஆணி அறையப்பட்ட ஓர் உடலை வணங்குவது எங்ஙனம் என்ற வினா பிற சமயத்தார் உள்ளத்தில் எழுவது இயல்பே. ஆயினும் நஞ்சுண்டு கண்டம் கறுத்தவனையும், தன் கண்ணைத் தோண்டி அப்பிய வேடனையும் பாடிய மொழி நம்முடையது. ஆகவே இந்த உருவம் நமக்கு முற்றிலும் அயலானதன்று.

இன்னொன்றும் கருதத்தக்கது. கிறிஸ்தவர்களே தொடக்கத்தில் இவ்வுருவத்தைத் தீட்டத் தயங்கினர். ரோமானியர் அடிமைகளையும் கலகக்காரரையும் கொன்ற கருவி சிலுவை. அது அவமானச் சின்னம். முதல் சில நூற்றாண்டுகளில் அவர்கள் வரைந்தவை மீனும், ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பனும். ரோமாபுரியில் புனித சபீனா ஆலயத்தின் மரக்கதவில் ஐந்தாம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட காட்சி, சிலுவை மரணத்தைக் காட்டும் மிகப் பழைய சிற்பங்களுள் ஒன்று. நம் பரங்கிமலையிலே 1547இல் போர்ச்சுகீசியர் கண்டெடுத்த, பாலவி எழுத்துப் பொறித்த பழஞ்சிலுவையிலும் உடல் கிடையாது. பூவேலைப்பாடும் புறாவுமே உண்டு. ஆனால் அதே கல் குருதி வியர்த்தது என்று பதினாறாம் நூற்றாண்டு மக்கள் நம்பினர். வெறுங்கல்லாக விட்டுவைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை போலும்!

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடத்தில் ஒரு சொல்லின்மேல் ஆசை. இலத்தீனில் 'பாசியோ' என்பதைத் தமிழ்க் கிறிஸ்தவர் 'பாடு' என்றனர். கெடு என்பது கேடு ஆவதுபோல, படு என்பது பாடு ஆயிற்று. துன்பத்தைப் படுவது பாடு. உழைப்பதும் பாடுபடுவதே. 'அவன் பட்ட பாடு' என்றால் வேதனை. 'பாடுபட்டுச் சேர்த்த பணம்' என்றால் வியர்வை. இலத்தீன் சொல்லின் வழிவந்த ஆங்கிலச் சொல் இன்று வேட்கையின் பக்கம் சாய்ந்துவிட்டது. தமிழ்ச் சொல்லோ வயலின் பக்கமும் தொழிற்கூடத்தின் பக்கமும் நிற்கிறது. 'இயேசுவின் பாடுகள்' என்று ஆலயத்தில் கேட்கும் தொழிலாளிக்கு, தன் அன்றாடத்தைச் சுட்டும் சொல்லே அங்கு ஒலிக்கிறது. இதைவிடச் சிறந்த மொழிபெயர்ப்பு நமக்குத் தெரியவில்லை.

இப்பாடுகளைத் தமிழில் எழுதியவர்களுள் இருவர் அயல்நிலத்தார். கோவாவில் 1676இல் பிறந்து 1705இல் இலங்கை சேர்ந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகள் கொங்கணத்தவர். தமிழும் சிங்களமும் கற்று, தமிழில் 'வியாகுலப் பிரசங்கம்' எழுதினார். தவக்காலத்தில் அதை இராகத்தோடு வாசிக்கும் வழக்கம் ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே வேரூன்றியது. வியாகுலம் என்னும் வடசொல் நம் ஊர்களில் பெண்மக்களின் பெயராகவும் ஆகிவிட்டது. நெஞ்சில் வாள்கள் பாய நிற்கும் வியாகுல மாதாவின் சொரூபத்தை அறியாத கடற்கரைத் தமிழர் இலர். லூக்கா நற்செய்தி சொல்வது ஒரு வாளையே. மக்கள் மரபு அதனை ஏழாக்கிற்று.

மற்றவர் வீரமாமுனிவர். அவருடைய 'தேம்பாவணி'யை யாவரும் அறிவர். 'அன்னை அழுங்கல் அந்தாதி'யைப் படித்தவர் சிலரே. மகனை இழந்த தாயின் புலம்பலுக்கு இத்தாலியில் பிறந்த அப்பெரியார் அந்தாதியைத் தேர்ந்தது வியப்புக்குரியது. ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கம். அழுது ஓய்ந்தாள் என்று எண்ணும்போதே அவ்விறுதிச் சொல்லிலிருந்து அழுகை மீண்டும் பிறக்கிறது. இழவு வீட்டில் அமர்ந்திருந்தவர்களுக்கு இது விளங்கும்.

நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பங்கள் பல. அவர்களுக்கு எச். ஏ. கிருஷ்ண பிள்ளை சொந்த மண்ணின் புலவர். 1827இல் வைணவக் குடியில் பிறந்து, 1858இல் கிறிஸ்தவரானார். ஆங்கிலேயர் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட பயணக் கதையைத் தழுவி அவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. பனியன் கதையில் சிலுவைக் காட்சி மிகச் சுருக்கம்: பயணி சிலுவையை அடைகிறான், முதுகுச் சுமை கழன்று உருள்கிறது, அவ்வளவே. கிருஷ்ண பிள்ளைக்கு அது போதவில்லை. கிறிஸ்துவின் பாடுகளை மூலத்தில் இல்லாதபடி விரித்துப் பாடினார். கம்பனில் தோய்ந்த அவர் உள்ளம், தலைவன் படும் துயரைக் கண்முன் நிறுத்தாமல் காவியம் நிறைவுறாது என்று கருதியிருக்க வேண்டும்.

அச்சுமை கழலும் காட்சியைப் படிக்குந்தோறும் நமக்கு நினைவு வருவது ஊர்ப்புறத்துச் சுமைதாங்கிக் கல். வயிற்றுச் சுமையை இறக்காமலே மாண்ட பெண்ணின் பெயரால், வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைக்க நட்ட கல் அது. ஒருத்தி பட்ட பாடு, முன்பின் அறியாதவர் தோளுக்கு ஓய்வாகிறது.

மும்பையிலும் அத்தகைய கற்கள் உண்டு. 1896இல் மாண்ட்வி பகுதியில் கொள்ளைநோயை முதலில் இனங்கண்டவர் அகாசியோ வியேகஸ் என்னும் கோவா மருத்துவர். அந்நாளில் நோய் தீரவேண்டி மக்கள் நாட்டிய சிலுவைகள் பாந்திராவிலும் மசகாவிலும் தெருமுனைகளில் இன்றும் நிற்கின்றன. இதனோடு ஒப்பிடத்தக்கது ஜெர்மானிய ஓவியர் குரூனவால்ட் 1512 முதல் 1516 வரை தீட்டிய பீடச் சித்திரம். தானியத்தில் பற்றிய பூஞ்சையால் உடல் எரிந்து அழுகும் நோயாளிகளைப் பேணிய மடத்துக்காக அது வரையப்பட்டது. அதில் கிறிஸ்துவின் மேனியெங்கும் கொப்புளங்கள். படுத்த படுக்கையாய் வந்தவர் தம் புண்ணையே அங்குக் கண்டனர்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விடலாகாது. 'உன் சிலுவையைச் சும' என்னும் அறிவுரை, பெரும்பாலும் சுமை ஏற்றுபவர் வாயிலிருந்தே வருகிறது. கூலி கேட்டவனுக்கும், அடி தாங்காமல் பிறந்தகம் வந்த பெண்ணுக்கும் அச்சொல் விடையாகக் கொடுக்கப்பட்டதுண்டு. அங்ஙனம் சொல்பவர், சிலுவை அரசாங்கத்தின் கொலைக்கருவி என்பதை மறந்தவர். 1938இல் யூத ஓவியர் ஷகால் அதை மறக்கவில்லை. அவருடைய 'வெள்ளைச் சிலுவை மரண'த்தில் இயேசுவின் இடையில் யூதர் தொழுகைத் துகில். சுற்றிலும் எரியும் வீடுகள், ஓடும் மக்கள். சூசாவின் முட்கோடுகளும் அவ்வினத்தவையே. தாங்கிக்கொள் என்று அவை சொல்லவில்லை. இதைச் செய்தவர் யார் என்று கேட்கின்றன.

வடாலாவில் வண்டி மாறினால் பாந்திரா செல்லலாம். செப்டம்பரில் மலை மாதா திருவிழாவுக்கு வேளாங்கண்ணியை நினைந்து செல்லும் தமிழர் அநேகர்; எல்லாச் சமயத்தாரும் உண்டு. ஆலய வாயிலில் மெழுகால் வார்த்த கை, கால், கண் முதலிய உருவங்களை விற்கிறார்கள். நொந்த உறுப்பு எதுவோ அதன் உருவை வாங்கிக் காணிக்கையாக்குவது வழக்கம். அவற்றிடையே சிறுசிறு வீடுகளும் இருக்கும். ஒண்டுக்குடித்தனத்தில் காலந்தள்ளும் மும்பை மக்கள் அவற்றையும் விரும்பி வாங்குகிறார்கள்.