மணி அடிப்பார் இல்லாத வேலைநாள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், சுயதொழில் புரியும் பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இத்தகைய மேடைகளில் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் அதிபர்களும் பேசுவது வழமை. அவர்களால் எமது கல்லூரி பெற்ற பெருமையில் எமக்கும் பங்குண்டு. இம்முறை வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பழைய மாணவியருக்கும் சிறிது நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. நாங்கள் நால்வர். ஒருவர் சட்டை தைக்கிறார். ஒருவர் பலகாரம் செய்து விற்கிறார். ஒருவர் வீட்டு விறாந்தையில் வகுப்பு நடத்துகிறார். ஒருவர் கணினியில் மற்றவர்களின் கணக்கை எழுதிக் கொடுக்கிறார். நால்வரும் கூடியிருந்து எழுதியதையே எம்மில் ஒருவர் இங்கு வாசிக்கின்றார்.

பள்ளிக் காலத்தில் எமது நாளைப் பிரித்துத் தந்தது மணி. கணக்குப் பாதியில் நின்றாலும், மணி அடித்தால் ரீச்சர் வெண்கட்டியை வைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார். உத்தியோகத்துக்குப் போகும் பெண்ணுக்கும் ஏதோ ஒரு மணி உண்டு. கையொப்பமிடும் புத்தகம், கடைசி பஸ், போயா விடுமுறை என்று அவளுடைய வேலையை ஏதாவது ஒன்று நிறுத்தி வைக்கும். சுயதொழில் செய்பவளுக்கு அது இல்லை. தொடங்குவதும் நாமே, முடிப்பதும் நாமே. இதைச் சுதந்திரம் என்பார்கள். உண்மைதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எவரிடமும் லீவு கேட்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் இரவு 11 மணிக்குக் கைத்தொலைபேசியில் “அக்கா, நாளைக்கு விடியத் தருவீங்களோ?” என்று கேள்வி வருவதும் அதே சுதந்திரத்தால்தான்.

வீட்டுக்குள்ளும் இதுதான் நிலைமை. “நீ வீட்டிலைதானே நிக்கிறாய், ஒருக்கா வங்கிக்குப் போட்டு வாவன்.” “நீ வீட்டிலைதானே, மாமியைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவன்.” இதை அன்பில்லாமல் எவரும் சொல்வதில்லை. ஆனால் வீட்டில் நிற்பவள் வேலையில் நிற்கிறாள் என்பது எவருக்கும் தோன்றுவதில்லை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நாடு தழுவிய நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. சமையல், துப்புரவு, பிள்ளை பராமரிப்பு ஆகிய சம்பளமில்லா வேலைகளில் ஆண்களைவிடப் பெண்களே பல மடங்கு நேரம் செலவிடுகிறார்கள் என்பது அதில் எழுத்திலே பதிவானது. எமது அம்மாமார் ஆய்வில்லாமலே அறிந்திருந்த விடயம் அது.

எம்மோடு ஒரே காலத்தில் தொழில் தொடங்கிய தோழி ஒருவர் தையலைக் கைவிட்டுவிட்டார். வேலை இல்லாமல் அல்ல, வேலை கூடியதால். பகல் முழுவதும் வீடு, இரவு முழுவதும் மெஷின் என்று மூன்று ஆண்டுகள் ஓடினார். பிறகு முதுகு இடம் கொடுக்கவில்லை. நல்ல கைவேலைக்காரி. அவருக்குத் தொழில் தெரியாமலிருக்கவில்லை. ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் அவருடையது என்பதை அந்த வீட்டில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. இன்று இங்கே பேச ஒப்புக்கொண்டதற்கு அவரே காரணம். இளைய தங்கைமார் அந்த இடத்துக்குப் போய்ச் சேரக்கூடாது.

ஆகவே, எமக்குப் பயன் தந்த சில விடயங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, நேரத்தை அதன் தரம் பார்த்துப் பிரித்தல். பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30க்கு முடிகிறது. அந்த 6 மணித்தியாலம்தான் பிள்ளை வளர்க்கும் சுயதொழில்காரியின் உண்மையான முதலீடு. மனம் ஒன்றிச் செய்ய வேண்டியதை அதற்குள் வைக்க வேண்டும். துணியை அளந்து வெட்டுவது காலையில். கொக்கி வைப்பதும் விளிம்பு தைப்பதும் பிள்ளைகள் பக்கத்திலிருந்து வீட்டுப்பாடம் செய்யும் பின்னேரத்தில். பாகு காய்ச்சுவது காலையில். பெட்டியில் அடுக்கி ஒட்டுவது பின்னேரத்தில். அந்தக் காலை நேரத்தில் துணி தோய்ப்பதும் வீடு கூட்டுவதுமாக இருந்துவிட்டால் தொழில் இரவுக்குத்தான் தள்ளப்படும். வேலை நேரத்தை வாடிக்கையாளருக்கும் சொல்லி வைக்க வேண்டும். “பின்னேரம் 6 மணிக்குப் பிறகு பதில் எழுதமாட்டோம்” என்று வட்ஸ்அப்பில் போட்ட பின்னரும் எமது வாடிக்கையாளர் குறையவில்லை.

இரண்டாவது, ஆண்டை முன்கூட்டியே பார்த்தல். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பருவம் உண்டு. ஆவணியிலும் தையிலும் கலியாண வீடுகள் நிறையும். ஆடியிலும் புரட்டாதியிலும் மார்கழியிலும் பந்தல் போடமாட்டார்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள். அதற்கு முந்திய கிழமைகளில் தையற்காரிக்கு மூச்சுவிட நேரமில்லை. வகுப்பு நடத்துபவருக்குச் சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் காலம் அப்படி. கணக்கு எழுதுபவருக்கு நவம்பர் 30 அப்படி. வருமான வரி விபரத்திரட்டுக் கொடுக்கக் கடைசி நாள் அதுதான். இந்தப் பருவங்களைக் கலண்டரில் குறித்துக் குசினிச் சுவரில் தொங்கவிட்டால், பல் வைத்தியரிடம் போவதையும் உறவினர் வீட்டுப் பயணத்தையும் ஆறுதலான மாதங்களுக்கு நகர்த்தலாம். வேலை குறைந்த மாதத்துக்கான பணத்தை வேலை கூடிய மாதத்திலேயே எடுத்து வைக்கவும் வேண்டும். கிழமைக்கு இத்தனை ஓடர்தான் என்று எல்லை வைப்பதும் இதில் அடங்கும்.

மூன்றாவது, விலையில் எமது நேரத்தையும் சேர்த்தல். ஓர் உதாரணக் கணக்கு. பயற்றம் பணியாரத்துக்கு ஓடர் ஒன்று வருகிறது. பயறு, சீனி, அரிசிமா, எண்ணெய், எரிவாயு, பெட்டி எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய் என்று வைப்போம். வறுத்து, அரைத்து, அரித்து, பாகு காய்ச்சி, பிடித்து, பொரித்து முடிக்க 6 மணித்தியாலம். 3,500 ரூபாய்க்குக் கொடுத்தால் “700 ரூபாய் லாபம்” என்கிறோம். 6ஆல் பிரித்துப் பாருங்கள். மணித்தியாலத்துக்கு 117 ரூபாய்கூட வராது. 2025 ஏப்ரலில் அரசு வைத்த தேசிய ஆகக்குறைந்த நாட்சம்பளம் 1,080 ரூபாய்; 8 மணித்தியாலத்துக்குப் பிரித்தால் 135. சட்டப்படி ஒரு முதலாளி தொழிலாளிக்குக் கொடுக்கக்கூடாத சம்பளத்தை நாம் எமக்கே கொடுத்துக்கொள்கிறோம். அடுப்படியில் நின்ற நேரத்துக்கு விலை வைத்தால் மிச்சம் லாபமா, நட்டமா என்று அப்போதுதான் தெரியும்.

நான்காவது, இரண்டு பணப்பைகள். வீட்டுப் பணம் ஒன்று, தொழிற்பணம் ஒன்று. பிள்ளையின் ரியூசன் காசைத் தொழிற்பையிலிருந்து எடுத்தால் கொப்பியில் எழுதிவிட்டே எடுக்க வேண்டும். மனையியல் வகுப்பில் குடும்ப வரவுசெலவுத் திட்டம் எழுதிப் புள்ளி வாங்கியவர்கள் நாம். அதே கோடு போட்ட கொப்பி போதும். பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிவு செய்தால் தொழிலின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம். ஒழுங்கான கணக்கு ஒன்றிருந்தால் வங்கியில் கடன் கேட்கும்போது பேச வாய் இருக்கும். அது இல்லாதபோதுதான் பெண்கள் வாசலுக்கு வரும் நுண்கடனை நாடுகிறார்கள். கிழமைக்குக் கிழமை தவணை கட்டமுடியாமல் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை குடும்பங்கள் தவித்தன என்பதை அறிவோம். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இன்னொரு முடிச்சும் இருந்தது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, சீதனமாக வந்த தன் காணியையே ஈடு வைக்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் பெறவேண்டும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. கணவன் கைவிட்டுச் சென்றிருந்தால், அல்லது நியாயமின்றி மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தை நாட அதே சட்டத்தில் வழியுமிருந்தது. உறுதியில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. காணியை நம்பிக் கடன் எடுக்க முன்னர் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டறிவது நல்லது.

ஐந்தாவது, நோயும் முதுமையும். தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு ஊழியர் சேமலாப நிதியில் 8 வீதம் அவர் பங்கு, 12 வீதம் தொழில்கொள்வோர் பங்கு; ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 வீதம். பிள்ளை பெற்றால் சம்பளத்தோடு விடுமுறையும் உண்டு. எமக்கு எதுவும் தானாக வராது. சுயதொழில் செய்வோரின் ஓய்வூதியத்துக்காக 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபை அமைக்கப்பட்டது. இளவயதில் சேர்ந்தால் தவணை சிறிது. புலம்பெயர்ந்த தோழியரும் இதைக் கவனிக்க வேண்டும். கனடாவில் சுயதொழில் செய்பவர், பிரசவக் கால உதவி வேண்டுமானால் வேலைக் காப்புறுதியில் தாமாகவே பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்து 12 மாதம் கழிந்த பின்னரே கேட்கலாம். பிரித்தானியாவில் தகுதியுள்ள சுயதொழில்காரிக்கு 39 கிழமை வரை பிரசவக் கொடுப்பனவு உண்டு. கர்ப்பமான பிறகு தேடுவதைவிட முன்னரே அறிந்து வைத்திருப்பது நல்லது.

இவை எல்லாம் எமது கையில் உள்ளவை. எமது கையில் மட்டும் இல்லாத ஒன்றும் உண்டு. அது வீட்டுவேலை. நேரத்தை எவ்வளவு திறமையாகப் பிரித்தாலும், ஒருத்தியின் 24 மணித்தியாலத்துக்குள் இரண்டு பேரின் வேலையை அடக்க முடியாது. மனையியல் எமக்குக் கற்பித்தார்கள். எமது அண்ணன் தம்பிமாருக்குக் கற்பிக்கவில்லை. அந்தக் குறையை எமது மகன்மாரில் தீர்க்கலாம். சோறு வடிக்கவும், தன் சீருடையைத் தானே தோய்க்கவும், அம்மம்மாவுக்குக் குளிசை எடுத்துக் கொடுக்கவும் 12 வயதுப் பொடியனுக்கு முடியும். கணவர்மாரும் முடியாதவர்கள் அல்லர். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல், எரிவாயுவுக்கு விடியவிடிய வரிசையில் நின்ற நாட்களை நினைத்துப் பாருங்கள். சிலிண்டரைக் காவியவர், விறகு கொத்தியவர், மின்சாரம் வரும் நேரம் பார்த்து மெஷினைத் தயாராக வைத்தவர் எல்லோரும் அந்த வீட்டு ஆண்கள்தான். நெருக்கடியில் செய்ய முடிந்ததைச் சாதாரண நாளிலும் செய்யலாம், கேட்கத்தான் வேண்டும். போருக்குப் பின்னர் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களுக்கு அப்படிக் கேட்கவும் ஆளில்லை. அவர்களுக்கு அயலும் உறவும் பழைய பள்ளித் தோழியரும்தான் துணை.

இங்கேதான் சங்கத்திடம் எமது மூன்று விண்ணப்பங்கள் வருகின்றன.

ஒன்று, ஒருவரிடம் ஒருவர் வாங்கும்போது முழு விலை கொடுப்போம். “நாங்கள் ஒரே பள்ளிக்கூடம்தானே, பார்த்துப் போடும்” என்பது அன்பான பேச்சுத்தான். ஆனால் அந்தக் கழிவு ஒருத்தியின் நித்திரையிலிருந்து போகிறது. சங்க நிகழ்வுக்குச் சிற்றுண்டி கேட்டாலும் அப்படியே. நன்கொடை தர விரும்புபவள் தானாகவே தருவாள்.

இரண்டு, வெளிநாட்டுக் கிளைகள் பணத்தோடு சேர்த்து வேலையும் அனுப்புங்கள். தைக்கவும், தட்டச்சுச் செய்யவும், இணையத்தில் தமிழ் கற்பிக்கவும், கணக்கு எழுதவும் இங்கே கைகள் உண்டு. உதவி ஒருமுறை வரும். வேலை மாதாமாதம் வரும்.

மூன்று, பாடசாலை முடிந்து பெற்றோர் வரும்வரை பிள்ளைகள் இருந்து படிக்கக் கல்லூரியில் ஓர் அறையைத் திறக்க முடியுமா என்று அதிபர் அவர்களும் சங்கமும் ஆராய வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியைமார் முறைவைத்து மேற்பார்வை செய்தால், நாளுக்கு 2 மணித்தியாலம் பல தாய்மாருக்குக் கிடைக்கும். நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் எழுப்புவது நல்லது. ஆனால் இந்த அறைக்கு ஏற்கெனவே கூரை உண்டு, வாங்கும் உண்டு.

நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இச்சங்கத்தைத் தொடங்கிய பெரியம்மாமாரும் அடுப்பை மூட்டி, பிள்ளையை நித்திரையாக்கிவிட்டே கூட்டத்துக்கு வந்திருப்பார்கள். அடுத்த தலைமுறை சற்று இலகுவாக வரட்டும்.