பொருநர் என்னும் சொல்



மேடையில் ஒருவரே நின்று பல பாத்திரங்களாக மாறி நடிக்கும் கலையை இந்நாளில் தனிநடிப்பு என்கிறோம். ஓராள் அரங்கு என்று வழங்குவாரும் உளர். இவ்விரு பெயர்களும் ஆடுபவர் எத்தனை பேர் என்னும் கணக்கைத்தான் சொல்லுகின்றன; அவர் செய்யும் தொழில் யாது என்பதைச் சொல்லவில்லை. அத்தொழிலைச் சொல்லும் பழஞ்சொல் ஒன்று நம்மிடம் உண்டு. பொருநர் என்பதே அச்சொல்.

தொல்காப்பியப் புறத்திணையியல் கூத்தர், பாணர், விறலி என்போரோடு பொருநரையும் சேர்த்துச் சொல்லுகின்றது. பத்துப்பாட்டில் இரண்டாவதாக நிற்கும் பொருநராற்றுப்படை இவர்கள் பெயராலேயே அமைந்தது. முடத்தாமக்கண்ணியார் கரிகாற் சோழனைப் பாடிய அப்பாட்டு 248 அடிகளை உடையது.

பொருநுதல் என்பதற்கு மற்றொருவரைப்போல வேடங்கொள்ளுதல் என்று பொருள் கூறுவர். 'பொருவ' என்னும் சொல்லைத் தொல்காப்பியர் உவம உருபுகளுள் ஒன்றாக வைத்திருப்பதும் இங்கே நினைக்கத் தக்கது. ஒன்றைப்போல மற்றொன்று இருப்பதைக் காட்டுவது உவமை. ஒருவரைப்போல மற்றொருவர் ஆகிக் காட்டுவது பொருநர் தொழில்.

இனி, இச்சொல்லுக்கு வேறொரு முகமும் உண்டு. பொருதல் என்றால் போர் செய்தல். ஆதலால் பொருநன் என்பது வீரனுக்கும் பெயராயிற்று. புறநானூற்றில் ஔவையார் அதியமானைக் குறிக்கும்போது இச்சொல்லையே ஆளுகின்றார். வேடமிட்டு ஆடுபவனும் வாளேந்தி நிற்பவனும் ஒரே பெயரால் அழைக்கப்படுவது நயமான சிலேடையன்றோ?

இலக்கண நூலார் இன்னுமொரு புதுமையைச் சுட்டுவர். நகர ஒற்றை இறுதியிற் கொண்ட சொற்கள் தமிழில் இரண்டே இரண்டு. ஒன்று பொருந்; மற்றது வெரிந். வெரிந் என்பது முதுகு. பொருநனாகிய வீரன் பகைவருக்கு வெரிந் காட்டான். பொருநனாகிய நடிகனும் அவையினருக்கு முகத்தையே காட்டி நிற்பவன். துணையின்றி நிற்கும் இவ்விரு சொற்களும் ஒன்றையொன்று நோக்கி நிற்பதுபோலத் தோன்றுகின்றது.

பொருநரை நச்சினார்க்கினியர் மூவகைப்படுத்துவார். ஏர்க்களம் பாடுவோர், போர்க்களம் பாடுவோர், பரணி பாடுவோர் என்பன அவ்வகைகள். இவ்வரியை வகுப்பறையிற் படிக்கும்போதெல்லாம் எங்கள் முல்லைத்தீவு மண் என் நினைவுக்கு வரும். குளங்களின் கீழே நெல் விளையும் இம்மண்ணில் ஏர்க்களம் உண்டு. 2009ஆம் ஆண்டு வரை நடந்த யுத்தத்திலே போர்க்களமும் இதுவே ஆயிற்று. இவற்றோடு கூத்துக்களரியும் இங்கே உண்டு. முல்லைமோடி என்று தனிப்பெயர் பெற்ற ஆட்டமுறையும், கோவலன் கூத்தும், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலும் இம்மண்ணின் உடைமைகள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலை மாணவி ஒருத்தி கோவலன் கதையின் வழக்குரைக்கும் கட்டத்தைத் தனிநடிப்பாகச் செய்தாள். கண்ணகியும் அவளே, வாயில் காப்போனும் அவளே, பாண்டியனும் அவளே. உண்மையைச் சொன்னால், கூத்தாக ஆடுவதற்குப் போதிய பிள்ளைகளையும் மத்தளம் வாசிப்பாரையும் என்னால் திரட்ட முடியவில்லை. அதனாலேயே அதனை ஒருத்தி ஆடும் நிகழ்ச்சியாக்கினேன். ஆட்டம் முடிந்தபின், "தனியே நின்று ஆடப் பயமில்லையா, பிள்ளை?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "நான் தனிய ஆடேல்லை, சேர். அம்மப்பா பாண்டியனுக்கு ஆடினவர். வாயிற்காவலனுக்கு ஆடினது மாமா. அவையள் ஆடின மாதிரித்தான் நானும் ஆடினனான்."

அவ்விருவரும் இன்று உயிரோடில்லை என்பதை நான் அறிவேன். பொருநுதல் என்னும் சொல்லுக்கு நான் முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து வந்த பொருளை அப்பிள்ளை அன்று எனக்குக் கற்பித்தாள். மற்றவர் ஒருவர் இருந்தாலன்றி அவர்போல ஆதல் இயலாது. எனவே பொருநர் ஒருபோதும் தனியர் அல்லர். பொருநராற்றுப்படையின் பொருநனும் சுற்றத்தோடு வழிச்செல்பவனே.

தனி என்னும் சொல்லுக்கும் இரு பொருள் உண்டு. ஒப்பற்றது என்பது ஒன்று. துணையற்றது என்பது மற்றொன்று. ஒரு பிள்ளையின் திறமையைத் தனித்திறமை என்று மெச்சும்போது, அவள் ஏன் துணையற்று நிற்கிறாள் என்பதையும் நாம் கேட்கவேண்டும். தனிநடிப்புக்குச் செலவு குறைவு, ஒத்திகை எளிது, பரிசும் கிடைக்கும். ஆனால் ஒருவர் நினைவிலே மட்டும் தங்கிய கூத்து அவரோடு முடிந்துபோகும். வரவு பாடுவதும், பிற்பாட்டு எடுப்பதும், வட்டமாகச் சுற்றி ஆடுவதும் பலர் கூடினாலன்றி நிகழா.

அன்று நான் செய்தது குறை என்றே எண்ணுகிறேன். அதனை நிரப்பும் பொருட்டு, அம்மாணவியிடமிருந்தே அவ்வாட்டங்களை இப்பொழுது ஒன்பது பிள்ளைகள் பயின்று வருகிறார்கள். ஊரிலுள்ள முதியவர் ஒருவர் மாலைவேளைகளில் வந்து மத்தளம் தட்டுகின்றார். தாளம் இன்னும் பிசகுகின்றது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள், மீண்டும் தொடங்குகிறார்கள்.

உங்கள் ஊரிலும் ஒரு பாட்டையோ ஓர் ஆட்டத்தையோ தன்னந்தனியே நினைவில் வைத்திருப்பவர் ஒருவர் இருக்கக்கூடும். அவரைப் புகழ்ந்துவிட்டு வந்துவிடாதீர்கள். அவரருகே இரண்டு பிள்ளைகளை இருத்துங்கள்.