எழுத்து ஒன்று, ஒலி மூன்று

(சங்கக் கூடத்தில் நடந்த ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியில் ஆற்றிய உரை)



லிஃப்ட் நின்றுபோனதும் கம்பெனிக்கு ஃபோன் செய்கிறோம். 'வீ கால்ட் யூ' என்பதற்குப் பதில் 'வீ கால் யூ' என்றால், ஏற்கெனவே கூப்பிட்டுச் சொல்லியாயிற்று என்பது எதிர்முனைக்கு விளங்காது. நேர்முகத் தேர்வில் 'ஐ வொர்க் தேர்' என்றால், இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறீர்கள் என்று பொருள். கடைசியில் ஒட்டும் அந்தச் சின்ன ஒலிதான் 'முடிந்துவிட்டது' என்று சொல்கிறது.

அதை விட்டுவிடக் கூடாதே என்று சிலர் அழுத்தி, 'பார்க்கெட்', 'வாஷெட்' என்கிறோம். எழுத்தில் 'இ', 'டி' இரண்டும் இருக்கின்றனவே! இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் ஆங்கிலேயரும் அந்த உயிரொலியைச் சேர்த்தே உச்சரித்தார்கள். அதை விழுங்குவது மொழியைக் கெடுக்கிறது என்று, 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனத்தன் ஸ்விஃப்ட் 1712ல் குறைபட்டுக்கொண்டார். யார் கேட்டார்கள்?

இன்று அந்த உயிரொலி, 'டீ' அல்லது 'டி' ஒலியில் முடியும் வினைகளில்தான் மிஞ்சியிருக்கிறது: வான்டிட், பெயின்டிட், நீடிட். மற்ற வினைகளில் அசை கூடாது. 'பார்க்ட்' ஒரே மூச்சு. (வழக்கறிஞர்கள் 'லெர்னிட் ஃப்ரெண்ட்' என்கிறார்களே என்று கேட்பீர்கள். அங்கே அது வினையல்ல, பெயரடை. அதுவும் சரிதான்.)

சரி, அந்த 'ட்' எப்படி ஒலிக்க வேண்டும்? 'பட்டு' என்று சொல்லுங்கள். பிறகு 'வண்டி'. எழுத்து ஒன்றுதான், ஒலி வேறு. யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. பக்கத்து எழுத்தைப் பார்த்து நாக்கே மாற்றிக்கொள்கிறது. ஆங்கிலத்திலும் பக்கத்து ஒலிதான் தீர்மானிக்கிறது. தொண்டையில் விரல் வைத்து, வினையின் கடைசி ஒலியை மட்டும் சொல்லிப் பாருங்கள். பார்க், வாஷ், ஸ்டாப்: அதிர்வில்லை, 'பட்டு' ஒலி. க்ளீன், கால், மூவ்: அதிர்கிறது, 'வண்டி' ஒலி. முடிவில் உகரம் சேர்த்து 'வாஷ்டு' என்று இழுக்க வேண்டாம்.

நாக்கு புரளவில்லையென்றால் பின்னால் 'இட்' சேருங்கள். 'வாஷ்ட் இட்' என்பது 'வாஷ்டிட்' ஆகிவிடும். மெய்மேல் உயிர் ஏறுவது நமக்குப் பழகியதுதானே! பிறகு 'இட்'டைக் கழற்றிவிடலாம்.

இன்றிரவு, பகலில் செய்த ஐந்து வேலைகளை வீட்டில் உரக்கச் சொல்லுங்கள்: ஐ வாக்ட், ஐ குக்ட், ஐ க்ளீன்ட்... பேரப்பிள்ளைகள் சிரித்தால், அவர்களையும் ஐந்து சொல்லச் சொல்லுங்கள்.