கைத்தொலைபேசியும் ஒரு கச்சேரியே!

(கண்டியில் அண்மையில் நடைபெற்ற வாலிபர் கூட்டமொன்றில், சட்டத்தரணியும் கட்சி அமைப்பாளருமான ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு.)



1954ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இங்கிருந்து நாலு மைல் தொலைவிலுள்ள பேராதனையில் இலங்கைச் சர்வகலாசாலை கோலாகலமாகத் திறந்து வைக்கப்பட்டது. திறந்து வைத்தவர் எடின்பரோக் கோமகன். ஆனால் 1952ஆம் ஆண்டிலேயே மாணவர்கள் அங்கு வந்து சேர்ந்து, பாடங்களும் நடந்துகொண்டிருந்தன. ஏற்கெனவே திறந்துள்ள கதவை எப்படித் திறப்பது? ஆகவே அவர், இச்சர்வகலாசாலை வழக்கத்தைக் காட்டிலும் அதிகமாகத் திறந்திருக்கிறது என்று நகைச்சுவையாகப் பிரகடனம் செய்தார். எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த நகைச்சுவையை இன்று நான் ஒரு கேள்வியாக மாற்றிக் கேட்கின்றேன்: திறந்திருக்கிறது, யாருக்குத் திறந்திருக்கிறது?

ஹந்தானை மலையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதன் ஒரு சரிவிலே சர்வகலாசாலை. அங்கே பொறியியற் பீடத்தில் கணினிப் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. இணையத்தளங்களையும் கைத்தொலைபேசிச் செயலிகளையும் படைக்கக்கூடிய அறிஞர்கள் உருவாகின்றார்கள். அதே மலையின் வேறொரு சரிவிலே தேயிலைத் தோட்டமும் லயன் வரிசையும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை மைலால் அளந்தால் மிகக் குறைவு. உரிமையால் அளந்தால் எவ்வளவு என்பதே இன்று என் பேச்சின் பொருள்.

கருமபீடம் இடம் மாறியது

முன்னே அரசாங்கத்தோடு பேசவேண்டுமானால் கச்சேரிக்குச் சென்றோம். கருமபீடத்துக்கு அப்பால் ஓர் இலிகிதர் இருந்தார். அவர் நல்லவராகவும் இருக்கலாம், கடுகடுப்பானவராகவும் இருக்கலாம். ஆயினும் அவருக்குக் கண் இருந்தது; நம் முகத்தைப் பார்த்தார்; சில வேளை நம் பேச்சையும் கேட்டார். இன்று அந்தக் கருமபீடம் ஒரு கண்ணாடித் திரையாகிக் கையடக்கமாகிவிட்டது.

2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றபோது, கியூஆர் குறியீட்டின் மூலம் பங்கீடு செய்யும் முறையை அரசாங்கம் கொண்டுவந்தது. சில வாரங்களுக்குள் நாட்டின் வாகனங்கள் அத்தனையையும் ஒரு கணினிப் பதிவேட்டுக்குள் கொண்டுவர முடியும் என்பதை இராஜ்யம் அன்று கற்றுக்கொண்டது. 2023ஆம் ஆண்டில், 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் ‘அஸ்வெசும’ உதவித் திட்டம் வந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் தகவல் திரட்டினார்கள். பெயர்ப் பட்டியல் இணையத்தில் வெளியாயிற்று. மேன்முறையீடும் இணையத்தின் வழி கோரப்பட்டது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் அரசாங்கத்துக்குச் செலுத்தவேண்டிய பணத்தைத் திரையில் செலுத்தும் ‘கவ்பே’ ஆரம்பமாயிற்று.

இவற்றை நான் எதிர்க்கவில்லை. தோட்டத்திலிருந்து பிரதேச செயலகத்துக்குப் போய்வர ஒரு நாட் சம்பளத்தை இழக்கும் தொழிலாளிக்கு, வீட்டிலிருந்தபடியே விண்ணப்பம் அனுப்பும் வசதி பெரிய வரப்பிரசாதமாகும். வசதி வரட்டும், அதைத் தாராளமாக வரவேற்போம். ஆனால் அது எந்த மொழியிலே வருகிறது, எந்தத் தொலைபேசியிலே திறக்கிறது, யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

சட்டம் கூறுவது என்ன?

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. நீண்ட போராட்டத்தின் பின், 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் நிருவாக மொழி பற்றிய விதிகளைத் திருத்தி அமைத்தது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையைப் படித்துப் பாருங்கள். கண்டியைப் போலச் சிங்களத்தில் பதிவேடுகள் பேணப்படும் பிரதேசங்களிலும், உத்தியோகத்தர் ஒருவரோடு தமிழிலே தொடர்புகொள்ளவும், கருமமாற்றவும், மறுமொழி பெறவும் மக்களுக்கு உரித்துண்டு.

“உத்தியோகத்தரோடுதானே? செயலி ஓர் உத்தியோகத்தரா?” என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வினவக்கூடும். நான் விடை கூறுவேன்: 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம், இலத்திரனியற் பதிவேட்டுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்தது, அரச நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தவும் வழி செய்தது. கடதாசி படிவத்துக்கு உள்ள மதிப்பு திரைப் படிவத்துக்கும் உண்டென்றால், கடதாசியோடு ஒட்டிய மொழி உரிமை மட்டும் வழியிலே உதிர்ந்துவிடுமா? உத்தியோகத்தரின் கை எவ்வளவு நீண்டாலும் சட்டமும் அவ்வளவு நீளவேண்டும்.

சிவப்புக் குறி என்னும் சட்டம்

திரையில் தோன்றும் விண்ணப்பத்திலே, சில கட்டங்களின் அருகில் சிவப்பு நட்சத்திரக் குறி ஒன்று இருக்கும். நிரப்பாவிட்டால் அப்பாற் செல்ல முடியாது. அந்தக் குறியைப் பாராளுமன்றம் விவாதித்ததில்லை; வர்த்தமானி வெளியிட்டதில்லை; எந்த நீதிமன்றமும் வியாக்கியானம் செய்ததில்லை. ஓர் அறையில் இருந்து ஒரு வடிவமைப்பாளர் இட்ட குறி அது. ஆனால் சட்டத்துக்குள்ள வலிமை அதற்கு இருக்கின்றது.

‘வீட்டிலக்கம்’ என்று கேட்கிறது படிவம். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் நம் மாவட்டத்து லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு, லயன் காம்பிராவுக்குத் தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே விலாசம். கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்துதான் கைக்கு வரும். இல்லாத வீட்டிலக்கத்தை அந்தத் தாய் எங்கிருந்து எழுதுவாள்?

‘குடும்பப் பெயர்’ என்று கேட்கிறது படிவம். தமிழனுக்குத் தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயருமே உண்டு. அதுவும் ஒரே விதமாக எழுதப்பட்டிருக்கிறதா? பிறப்புப் பத்திரத்தில் இலட்சுமி. அடையாள அட்டையில் லெட்சுமி. ஊழியர் சேமலாப நிதிப் பத்திரத்தில் லச்சுமி. ஒருத்தியே மூவராகி நிற்கிறாள்! அவள் ஒருத்திதான் என்று சத்தியக் கடதாசி எழுதிக் கொடுப்பது மலையகத்தில் தொழில் புரியும் சட்டத்தரணிகளுக்கு அன்றாட அலுவல். இலிகிதர் அந்தக் கடதாசியைப் படிப்பார். கணினியோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, ‘அப்படியொருவர் இல்லை’ என்று ஒரே வரியில் தீர்ப்பளித்துவிடுகிறது.

இதற்கு விஞ்ஞானத்தில் பரிகாரம் இல்லையா? உண்டு. 1918ஆம் ஆண்டிலேயே, கணினி பிறப்பதற்கு முன்பே, ரொபர்ட் ரசல் என்னும் அமெரிக்கர், எழுத்து மாறினாலும் ஒலியால் ஒத்த பெயர்களை ஒரே இடத்தில் தேடிக் கண்டுபிடிக்கும் முறையொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அறிவு நூறு ஆண்டுகளாகக் காத்திருக்கிறது. அதை நம் மக்களின் பெயர்களுக்குப் பொருத்திக் கொடுக்க வேண்டும் என்னும் கட்டளையே இன்னும் பிறக்கவில்லை.

பத்திரம் சரியில்லை என்பது இம்மக்களுக்குச் சிறிய விடயமன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் முன்னோர் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பதிவு இல்லாதவர்கள் எதைக் காட்டுவார்கள்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவரானார்கள். அந்தப் பழியைத் துடைக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இப்பொழுது டிஜிட்டல் அடையாள அட்டை பற்றிப் பேசுகின்றார்கள். கடதாசியிலே ஒரு தலைமுறை இழந்ததைத் திரையிலே இன்னொரு தலைமுறை இழக்க விடலாமா?

ஆராய்ச்சி யாருக்காக?

நம் சர்வகலாசாலைகளைக் குறைகூறுவது என் நோக்கமன்று. இந்நாட்டின் கணினி அறிஞர்கள் உலகம் மெச்சும் காரியங்களைச் செய்திருக்கின்றார்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது, காணாமற் போனோரையும் நிவாரணத்தையும் பதிவு செய்ய ‘சஹானா’ என்னும் மென்பொருளை இங்கே எழுதினார்கள். அது எவரும் இலவசமாக எடுத்தாளக்கூடியது. 2010ஆம் ஆண்டு ஹெயிட்டி பூகம்பத்திலும் பயன்பட்டது. கொழும்பில் மொழித் தொழில்நுட்ப ஆய்வுகூடம் இருக்கின்றது. மொறட்டுவையில் சிங்களத்தையும் தமிழையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மொழிபெயர்க்கும் ‘சித’ என்னும் கருவியை உருவாக்கியிருக்கின்றார்கள். தமிழ் எழுத்துக்கு யூனிகோட் முறையில் 1991ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்தது. 1995ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலே நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழ்க் கவிதையைத் தோன்றச் செய்தார். ஆகவே ‘திரைக்குத் தமிழ் ஒத்துவராது’ என்று இனி எவரும் சாக்குச் சொல்ல முடியாது.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? இறுதி நேரத்திலே தமிழைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். அங்கே இருக்கிறது குறை. ஆங்கிலத்தில் வரைந்து, சிங்களத்தில் திருத்தி, தமிழைக் கடைசியில் ஒட்டினால் என்ன நடக்கும்? பஸ் வண்டியிலே ‘கர்ப்பிணித் தாய்மார்’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘நாய்மார்’ என்று எழுதி, நாடே சிரித்ததை நீங்கள் மறக்கவில்லை. பெயர்ப்பலகைப் பிழை சிரிப்பை வரவழைத்தது. விண்ணப்பப் படிவத்துப் பிழையோ சோற்றைப் பறித்துவிடும்.

2020ஆம் ஆண்டு கொள்ளை நோய்க் காலத்தையும் நினைத்துப் பாருங்கள். ‘லேர்ன்’ என்னும் கல்வி வலையமைப்பின் மூலம் சர்வகலாசாலை மாணவர்கள் டேட்டாக் கட்டணமின்றிப் பாடம் கேட்க வழி செய்யப்பட்டது. நல்ல காரியம், பாராட்டுகின்றேன். அதே காலத்தில், பாடசாலைப் பிள்ளைகள் சமிக்ஞை தேடிப் பாறைகளிலும் மரங்களிலும் ஏறியதைப் பத்திரிகைகள் படம் பிடித்துக் காட்டின. மனம் வைத்தால் கட்டணத்தை நீக்க முடியும் என்பதை முதலாவது செய்தி நிரூபித்தது. யாருக்காக மனம் வைக்கப்படவில்லை என்பதை இரண்டாவது செய்தி நிரூபித்தது.

ஐந்து பேர் போதும்

மக்களிடம் கொண்டுபோய்ப் பரிசோதிக்கப் பணமில்லை என்பார்கள். யாக்கொப் நீல்சன் என்னும் டென்மார்க் நாட்டு அறிஞர் 2000ஆம் ஆண்டில் எழுதினார்: ஒரு தளத்தை ஐந்து பேரிடம் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று அருகிலிருந்து பார்த்தாலே குறைகளில் பெரும்பாலானவை வெளிப்பட்டுவிடும் என்று. ஐந்தே பேர்! பேராதனையிலிருந்து ஹந்தானைத் தோட்டத்துக்கு ஒரு பிற்பகலில் நடந்து போய்வரலாம். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் இரண்டு தாய்மார். கண்பார்வை மங்கிய ஒரு முதியவர். விலை குறைந்த பழைய தொலைபேசி வைத்திருக்கும் ஓர் இளைஞன். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு பெண். இவர்கள் திறக்க முடியாத கதவு திறந்த கதவாகாது.

கண்பார்வையற்றோரும் நம் வழக்கின் பங்காளிகளே. இணையத்தளங்கள் எல்லோரும் உணரக்கூடியனவாய், இயக்கக்கூடியனவாய், விளங்கக்கூடியனவாய், உறுதியானவையாய் இருக்கவேண்டும் என்று சர்வதேச நெறிகள் 2008ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டன. ஊனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது. இந்திய உயர் நீதிமன்றமோ 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி, டிஜிட்டல் வசதிகளை அணுகுவது உயிர்வாழும் உரிமையின் ஓர் அங்கம் என்று தீர்ப்பளித்தது. அமிலத் தாக்குதலால் கண்ணிமைக்க இயலாதோரும் பார்வையற்றோரும் வங்கிக் கணக்குக்கான அடையாளப் பரிசோதனையைத் திரையில் நிறைவேற்ற முடியாதபோது தொடுத்த வழக்கு அது. பாக்கு நீரிணைக்கு அப்பால் ஒலித்த அந்த நீதி நம் கரையிலும் ஒலிக்கவேண்டும்.

நாம் செய்யவேண்டியவை

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கின்றேன். ஒன்று: தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நாளில், ஒரே தரத்தில் இயங்காத எந்த அரசாங்கச் செயலியும் வெளியிடப்படலாகாது. இரண்டு: அரச சேவைக்காகப் பொதுப் பணத்தில் வடிவமைக்கப்படும் ஒவ்வொரு மென்பொருளும், தோட்டத்திலும் கிராமத்திலும் மக்களிடம் பரிசோதிக்கப்பட்டு, அதன் அறிக்கை வெளியிடப்படவேண்டும்; அப்பரிசோதனையைச் சர்வகலாசாலைகள் ஏற்று நடத்தவேண்டும். மூன்று: திரையால் இயலாதவருக்குக் கடதாசியும், கேள்வி கேட்க ஒரு மனிதரும் என்றும் இருக்கவேண்டும். திரை வந்துவிட்டது என்று சாளரத்தை மூடுவதை அனுமதிக்க மாட்டோம்.

வாலிபர்களே, உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கின்றேன். தமிழ் தெரியாத திரையைக் கண்டால் அதைப் படமெடுங்கள். தேதியையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அச்செயலி எங்கே பரிசோதிக்கப்பட்டது என்று எழுத்திற் கேளுங்கள். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை மொழி உரிமைக்காகவும் உயர் நீதிமன்றத்தை நாட இடமளிக்கிறது. ஆனால் நாள் ஓடிவிடக்கூடாது. உரிமை மீறப்பட்டதிலிருந்து ஒரு மாதமே தவணை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. விஞ்ஞானமும் நம் பக்கம் இருக்கிறது. இரண்டையும் லயன் வாசலுக்குக் கொண்டுவரும் கால்களே தேவை. அந்தக் கால்கள் உங்களுடையவை.